பச்சைக் களிமண்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் தரகரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து ஒரு கல்லைத் தட்டித் தட்டிச் சில்லுகளாக உடைத்திருப்பார்கள். அந்தச் சில்லுகளில் எது எதோடு சேரும் என்று ஜோடி பார்ப்பது அவள் பொறுப்பு. வாரம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றுகூட அமையாது. அவள் அலுத்துக்கொள்ள மாட்டாள். "மனுஷங்களுக்குப் பார்த்தா ஆயிரம் குறை சொல்வாங்க. கல்லு வாயே திறக்காது" என்பாள்.

அகழாய்வுக்குத் தலைவன் அவளுடைய தம்பி. பன்னிரண்டு ஆண்டாக ஒரே குழியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று துறையில் கேலி செய்தார்கள். குழியின் அடிமண்ணில், ஏழாம் அடுக்கில், பதினோரு சில்லுகள் கிடைத்ததும் கேலி நின்றது. அந்த மண்ணின் வயதைப் பார்த்தால், இந்தப் பக்கம் மனித இனம் வந்தது எல்லோரும் நினைத்ததைவிட நாலு லட்சம் ஆண்டு முன்னால். வெள்ளிக்கிழமை மாநாட்டில் அதைத்தான் சொல்லப் போகிறான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, நாலாம் அடுக்குப் பெட்டியிலிருந்து ஒரு தாய்க்கல்லை எடுத்தாள். சில்லுகளை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும் முண்டுக் கல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. படமெடுத்து முடித்த ஏழாம் அடுக்குச் சில்லுகளும் மேசையில் இருந்தன. அவ்வளவு தள்ளிக் கிடந்த அடுக்குகளுக்குள் யாரும் ஜோடி பார்ப்பதில்லை. ஆனால் அதே சாம்பல் நிறம், அதே சிவப்புக் கோடு. கை சும்மா இருக்குமா? கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வேலையில் அவள் கண்ணை நம்புவதில்லை, விரலைத்தான் நம்புவாள். ஒரு சில்லைத் திருப்பினாள், சாய்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் உடைத்த கல். தாய் நாலாம் அடுக்கில், பிள்ளை மூன்று மீட்டர் கீழே ஏழாம் அடுக்கில். மேலே இருந்த இளைய மண்ணிலிருந்து ஏதோ வெடிப்பு வழியாகச் சில்லு வழுக்கி விழுந்திருக்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தால் மற்ற பத்தும் விழுந்திருக்கலாம். தம்பியின் நாலு லட்சம் ஆண்டு அந்த வெடிப்போடு போயிற்று.

சில்லைப் பிரித்தபோதுதான் பார்த்தாள். தாய்க்கல்லின் பள்ளத்தில் கடுகளவு பச்சைக் களிமண் ஒட்டியிருந்தது. பொருந்திய சில்லு விழாமலிருக்க ஒரு பொட்டுப் பொம்மைக் களிமண் வைப்பார்கள். அவளுடையது வெள்ளை. பச்சை, தம்பி தன் மகளிடம் கெஞ்சி வாங்கி வந்தது. கூடத்தில் வேறு யாரிடமும் கிடையாது.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். தெரிந்தே பிரித்து, துடைத்து, பெட்டியில் வைத்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. துடைத்ததையாவது ஒழுங்காகத் துடைத்தானா?

திரும்பப் பெட்டியில் போட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. பெட்டியின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு வெள்ளைக் களிமண்ணை வைத்து இரண்டையும் சேர்த்து, அவன் மேசையில் மாநாட்டுத் தாள்களின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மதியம் அவன் கல்லை ஏந்திக்கொண்டு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இதை எப்ப பார்த்தே?"

"இன்னைக்குக் காலைல. நீ எப்ப பார்த்தே?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போன மாசம். இருபதாம் தேதி."

"தேதி வரைக்கும் ஞாபகம் இருக்கே."

"எப்படிக்கா மறக்கும்? அன்னையிலேர்ந்து சரியாத் தூக்கமே இல்ல. வெள்ளிக்கிழமை அங்க நின்னு என்னத்தச் சொல்வேன்?"

"அது எனக்கெங்க தெரியும்? நான் தரகர். பொருந்துச்சு, பொருந்தல, அவ்வளவுதான் சொல்வேன்." பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. "மத்த பத்தையும் பார்க்க எத்தனை நாளாகும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்."

"ஆகட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஓர் அட்டை எழுதுவது அவர்கள் முறை. அவள் அதை எடுத்து அவன் முன்னால் நகர்த்தினாள். கல் எண்களை எழுதி முடித்திருந்தாள். 'முதலில் கண்டவர்', 'நாள்' என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. அவள் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டால் போதும், அவன் தப்பித்துவிடுவான். அவளுக்கும் ஒன்பது ஆண்டில் இதற்கு இணையான பொருத்தம் கிடைத்ததில்லை.

"நீதானே கண்டுபிடிச்சே. உன் பேரையே போட்டுக்கோக்கா."

அவள் பேனாவை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான். பிறகு தன் பெயரை எழுதினான். அடுத்த கட்டத்தில் இன்றைய தேதியை எழுத ஆரம்பித்து, நிறுத்தி, அடித்துவிட்டுப் போன மாதம் இருபது என்று எழுதினான்.

அக்கா அட்டையை வாங்கி மை காயும்வரை ஊதினாள்.