எலியம்மாவின் எட்டு மாதம்

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் ஹாரன் விடாமல் அலறியது. எலியம்மாவின் தாடையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அன்னக்குட்டி, முடிச்சைப் பாதியில் விட்டாள்.

"கட்டாதீங்க!" பல் டாக்டர் ஜெஸ்னா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "உயிர் போய் எவ்வளவு நேரமாச்சு லிஸ்மோள்?"

"ஒரு மணி நேரம்கூட ஆகல டாக்டர்."

"அப்ப முடியும். தாடை இறுகிட்டா முடியாது."

அவர் கையில் நீல டப்பா. இன்று பதினொரு மணிக்கு அம்மச்சிக்குப் பொருத்த வேண்டிய பல்செட். போன் போட்டு வரச் சொன்னது எலியம்மாவின் மகள் லிஸ்மோள்தான். அவளுக்கு அம்மா அம்மச்சி, அப்பா அப்பச்சன்.

அப்பச்சனின் அண்ணன், அவளுடைய பேரப்பன் அவுதக்குட்டி குறுக்கே வந்து நின்றார். "செத்தவளுக்கு எதுக்குடி பல்லு? கல்லறையில போய்க் கரும்பு கடிக்கப் போறாளா?"

"உயிரோட இருந்தப்பவும் இதையேதான் கேட்டீங்க பேரப்பா. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் போறவளுக்குப் பல்லு ஒரு கேடான்னு. அம்மச்சி உங்க பேச்சைக் கேட்டாங்களா? நானும் கேக்க மாட்டேன். தள்ளுங்க."

எட்டு மாதம். முதலில் சர்க்கரை இறங்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மச்சி பலாப்பழத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஈறில் சீழ் வற்றக் காத்திருந்தாள். டயாலிசிஸ் அன்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏறும் என்பதால், பல் பிடுங்குவது மறுநாள்தான். தடவைக்கு இரண்டு. எல்லாம் போனபின் ஈறு ஆற மூன்று மாதம். "அவசரப்பட்டு அளவெடுத்தா செட்டு வாய்க்குள்ள ஊஞ்சலாடும் சேச்சி" என்பார் டாக்டர். அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம் என்றால், "எனக்கு வேணும்" என்பாள். அவ்வளவுதான்.

அப்பச்சன் குரியச்சன் ஜன்னலோரம் நின்றார்.

டாக்டர் தாடையை மெல்லத் தாழ்த்திப் பல்லைப் பொருத்தினார். ஒட்டிக்கிடந்த கன்னம் எழும்பியது. உதடு லேசாக விலகி, ஒரு வரிசைப் பல் தெரிந்தது. அம்மச்சி சிரிப்பது போலவே இருந்தது. லிஸ்மோளின் கல்யாண ஆல்பத்தில் அவள் ஒரு படத்தில்கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலும் என்றே நான்கு வருடமாக லிஸ்மோள் நினைத்திருந்தாள்.

மாலையில், ரப்பர் ஷீட் காயப்போடும் முற்றத்தில் பெட்டியை வைத்தார்கள். தன் கல்யாணத்தன்று உடுத்திய மந்திரகோடிச் சேலையில் அம்மச்சி. சுற்றிலும் குடும்பம் நின்றது. போட்டோக்காரன் டோமி கேமராவைத் தூக்கினான்.

"இருடா," என்றார் பேரப்பன். கைக்குட்டை எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. "பல்லு தெரியுது. ஊரே சிரிக்கும். கட்டி மறைச்சிட்டு எடு."

லிஸ்மோள் பாய்ந்து போனாள். அதற்குள் அப்பச்சன் அந்தக் கைக்குட்டையை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார்.

"அப்படியே எடு டோமி. லிஸ்மோள் கல்யாணத்துல, பல்லு அசிங்கமா தெரியுது, வாயை மூடிக்கன்னு அவகிட்ட சொன்னது நான்தான்."