ஏற்கெனவே போய்விட்டவள்

இருபத்திரண்டு வருஷம் எல்லை தாண்டும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு பூரித்துப்போகும். கூடவே கோபமும் வரும்.

அப்போதெல்லாம் எல்லைச் சாவடிக்கு முன்பே எல்லோருடைய அனுமதி அட்டையையும் சீட் வரிசைப்படி வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரே கட்டாக அதிகாரியிடம் நீட்டிவிடுவேன். எங்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். பஸ்ஸில் ஏறி, அட்டையையும் முகத்தையும் பார்த்து, "பல்லு வலி போச்சா?" என்று விசாரித்தபடியே முத்திரை குத்துவார். பத்தே நிமிஷம், வண்டி கிளம்பிவிடும்.

பிறகு எந்திரம் வந்தது. அவரவர் அட்டையை அவரவர் அதன்மேல் வைத்து, கேமராவைப் பார்க்க வேண்டுமாம். பழகிய கை சும்மா இருக்குமா? நான் கட்டோடு வைத்துவிட்டு, ஒவ்வொருவர் தாண்டியதும் அடி அட்டையை உருவிக் கொடுத்தேன். கண்ணாடிக்காரரும் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் காலை பஸ்ஸில் என் அக்கா இருந்தாள். அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அத்தானுக்கு நெஞ்சுவலி என்று தகவல். பதினோரு மணிக்கு ஆபரேஷன். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆரம்பிப்பார்கள். சாவடிக்கு வந்தபோது மணி ஒன்பதரை.

அவள் முறை வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்க ஏற்கெனவே உள்ள போயிட்டீங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர்.

"இங்கதானேங்க நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது. எந்திரம் ஒத்துக்கல. யாரோட அட்டையையோ கொண்டு வந்திருக்கீங்கன்னு சொல்லுது. மேலிடத்துல விசாரிச்சு முடிக்கச் சாயங்காலம் ஆயிடும்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவளுக்கு முன்னால் போனவர் தாடிக்காரத் தச்சர். கட்டுக்குள் அவர் அட்டைக்கு மேலிருந்த அக்காவின் அட்டையை அந்த மகா மேதாவி படித்திருக்கிறது. படித்ததோடு, தாடியையும் என் அக்கா முகம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

"தம்பி, ஏதாவது செய்டா," என்றாள் அக்கா.

"சார், கட்டோட வெச்சது நான்தான். எழுதிக்கோங்க."

"எழுதினா அஞ்சு வருஷம் நீ எல்லை தாண்ட முடியாதுப்பா. எந்திரத்து மேல தப்புன்னு எழுத இந்தப் படிவத்துல இடமே இல்ல."

"பரவால்ல சார், எழுதுங்க."

எழுதினார். அக்காவைப் பழைய பதிவேட்டில் கையாலேயே பதிந்து அனுப்பினார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அவள் போய்ச் சேர்ந்தாள், அத்தான் பிழைத்தார்.

எந்திரம் இன்னும் வேலையில் இருக்கிறது. நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிறேன். இருபத்திரண்டு வருஷமும், அந்தப் பக்கம் வண்டி நிற்கும் ஒரு மணி நேரத்தில், மதியச் சோறு எனக்கு அக்கா வீட்டில்தான். இப்போதும் சரியாக அந்த நேரத்துக்குப் போன் செய்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்கிறாள்.