பக்கத்து வீட்டுக்கு ஒரு தபால்தலை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. நேற்றுக் காலை வாசலில் நின்று தபால்காரன் மாலக்கியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கிடைத்தது. மின்கட்டணத் தாளை என் கையில் திணித்துவிட்டு அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை பேக்கிக்கு வருஷப் பூசை. தெரியும்ல?"

"தெரியும்."

"பூசை முடிஞ்சு அவங்க வீட்டுல டீ. நேர்ல போறீங்களா, இல்ல போன தடவை மாதிரி என் பையிலயே போட்டு அனுப்பிடுவீங்களா?"

பேக்கி கோர்ம்லி என் பக்கத்து வீட்டுக்காரர். அட்ராக்டா அவர் மனைவி. அவர்கள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவே தொண்ணூறு தப்படி, எண்ணியிருக்கிறேன். பேக்கி இறந்தபோது நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. ஓர் அனுதாப அட்டை வாங்கி, தபால்தலை ஒட்டி, மூன்று மைல் நடந்து பெட்டியில் போட்டேன். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு மாலக்கியின் பையில் திரும்பி வந்து, என் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வாசலில் விழுந்தது. அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் இதைவிடக் கேவலமாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த ஆளை நானே கொன்றிருக்க வேண்டும். கொன்றவன்கூடப் போய்க் கைகுலுக்கிவிட்டு ஒரு சாண்ட்விச் சாப்பிட்டிருப்பான்.

ஆகவே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். (தொண்ணூறு தப்படி நடப்பதைவிடக் கதை எழுதுவது சுலபம் என்று நினைக்கிற பிறவி நான்.)

தொடக்கம் ஒன்று: அயர்லாந்தின் பச்சைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வீட்டில்

(வேண்டாம். என் வீடு சாம்பல் நிறம். குன்று கிடையாது, சேறு உண்டு. பச்சை என்ற சொல்லை இனி இந்தக் கதையில் பார்த்தால் என்னைச் செருப்பால் அடியுங்கள்.)

தொடக்கம் இரண்டு: அமெரிக்காவில் அழைப்பில்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழையும் வழக்கம் இல்லாததால், மார்லிஸ் என்ற அப்பாவிப் பெண்

(இதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்காக என்னைப் பிடிக்கலாம்.)

2

மார்லிஸ் நான்தான். மார்லிஸ் டோலஃப்சன், ஐம்பத்தெட்டு வயது, மினசோட்டாக்காரி. இங்கே வந்து ஆறு வருடம். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். மாலக்கி அத்தனையையும் சேகரித்து வைத்திருக்கிறான்.

என் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இங்கே முதல் வருடத்தோடு செல்லாக்காசாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் முழங்கால் பனியில் வண்டி ஓட்டியவள், காருக்கு முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை மாட்டிக்கொண்டு கத்துக்குட்டியாக நின்றேன். கத்துக்குட்டி ஓட்டினால் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சட்டம் அது. அப்போதுதான் பேக்கி வேலிக்கு மேல் தலையை நீட்டினார். அவருக்கு எழுபது வயது.

"உனக்கு லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆள் வேணும். எனக்குக் கார் வெச்சிருக்கிற ஆள் வேணும். அட்ராக்டா வேன் சாவியக் கண்ணுல காட்ட மாட்டேங்கறா. கடவுளாப் பாத்துச் சேத்து வெச்சிருக்காரு, தாயே."

செவ்வாய்தோறும் காலை பத்து மணி. மாட்டுச் சந்தை, பிறகு குதிரைப் பந்தயக் கடை, பிறகு வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல். அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். பாதித் தூரம் குறட்டை. விழித்திருந்தால் ஒரே ஒரு கட்டளைதான்.

"வெரலத் தூக்கு."

"யார் அது?"

"எனக்கென்ன தெரியும்? எதிர்ல வர்றான்ல, தூக்கு."

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும். டெஸ்ட்ல அதத்தான் பாப்பாங்க."

"டெஸ்ட் வெக்கிறவன் ஒரு நாள்தான் பாப்பான். இந்த ரோட்டுல எதிர்ல வர்றவன் நீ சாகுற வரைக்கும் பாப்பான்."

எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிற எவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்க வேண்டும். கையசைத்தால் பைத்தியம், தூக்காவிட்டால் திமிர். எனக்கு அது வரவேயில்லை. கடைசியில் அவரே எனக்குப் பதிலாகத் தூக்க ஆரம்பித்தார், முன்பலகையில் கையை ஊன்றிக்கொண்டு. தூக்கத்தில்கூட எப்படியோ தெரிந்து தூக்குவார்.*

* டெஸ்டில் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை ஒரு டிராக்டருக்குப் பின்னால் பக்தியோடு போனதற்காக. இரண்டாம் முறை வாசலைத் தாண்டியதும் பிறந்த நாட்டு ஞாபகத்தில் வலப்பக்கம் ஏறியதற்காக. தேர்வாளர் ஏதோ சாமி பெயர் சொன்னார், எந்தச் சாமி என்று கவனிக்கவில்லை.

அட்ராக்டா வீட்டு டீயையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். முதல் முறை போனபோது "டீ குடிக்கிறியா?" என்றாள். "ஓ, குடிக்கிறேனே" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் நான் அவள் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். பிறகு காரில் பேக்கி விளக்கினார்.

"மொதத் தடவை கேக்கறது மரியாதைக்கு. எதிரி வந்தாலும் கேப்போம். ரெண்டாவது தடவை கேக்கறது எங்கம்மா வளத்த வளப்பு. மூணாவதுதான் நெசமாவே கேக்கறது. அதுவரைக்கும் வேணாம் வேணாம்னு சொல்லிட்டு இரு."

3

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குக் காரை எடுத்து, உள்ளே சூடு வைத்து, அவர் இருக்கையிலிருந்த வறுவல் துணுக்குகளைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். பத்தே கால். பத்தரை. ஹாரன் அடித்தேன்.

(ஆமாம், அடித்தேன். இரண்டு முறை. மூன்று வரைவுகளில் இந்த வரியை அடித்துவிட்டேன். நான்காவதில் விட்டுவைக்கிறேன்.)

மாலக்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"ஹாரன் அடிக்காதீங்க, மார்லிஸ். போயிட்டாரு. விடியக்காலைல, அடுப்படில. கெட்டில் கொதிச்சிட்டே இருந்துச்சாம்."

மறுநாள் மாலை நான்கு முதல் எட்டு வரை உடலை வீட்டில் வைத்திருப்பார்கள் என்று உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்பு வாசித்தார்கள். ஊருக்கே அதுதான் அழைப்பு. நாலு மணிக்கெல்லாம் சாலையின் இருபுறமும் கார்கள். ஸ்லைகோவிலிருந்து வந்த யாரோ ஒருவர் என் கதவைத் தட்டி, "உங்க வாசல்ல நிறுத்திக்கலாமாங்க?" என்றார். தாராளமாக என்றேன். அடுத்தவருக்கும் தாராளமாக. பிறகு மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு வாசலில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டேன். முப்பத்தொன்பது கார், ஒரு மாட்டு லாரி. நாலு மணி நேரம்.

"உள்ள போய்ப் பாத்துட்டீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கொஞ்சம் எடது பக்கம் ஒடிச்சு எடுங்க" என்றேன்.

எட்டு மணிக்குக் கடைசிக் கார் போனது. மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உள்ளே போகவில்லை. மறுநாள் அடக்கப் பூசைக்குக் கோயிலுக்கும் போகவில்லை. அட்டை வாங்கத்தான் போனேன்.

4

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அமெரிக்காக்காரி மாட்டு லாரிக்குக்கூட எடம் பாத்துக் குடுத்தா, தனக்கு வழி தெரியல" என்று பந்தயக் கடையில் சொன்னார்களாம். மாலக்கி பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தான்.

"எங்க ஊர்ல கூப்பிடாமப் போக மாட்டோம், மாலக்கி."

"நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமப் போகணும். இது கூடவா உங்க ஊர்ல கிடையாது?"

அட்ராக்டா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கடையில் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நிற்பவரிடம் "சாயங்காலம் விட்டுரும்போல" என்பாள், பின்னால் நிற்பவரிடம் "காத்து மாறிருச்சு" என்பாள். என்னிடம் வானிலை கிடையாது. இந்த நாட்டில் ஒருவரோடு மழையைப் பற்றிப் பேச மறுப்பது காறித் துப்புவதற்குச் சமம்.

பக்கத்தில் உட்கார ஆளில்லாததால் கார் கொட்டகையில் கிடக்கிறது. நான் நடக்கிறேன். எதிரே வருகிற எல்லா வண்டியும் விரல் தூக்குகிறது. அவள் வேன் மட்டும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி போகிறது. டெஸ்டில் அவளுக்கு நூற்றுக்கு நூறு.

(இந்த இடத்தில் அட்ராக்டா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு கல்லாகவா இருப்பாள்? பிப்ரவரியில் அவளிடமிருந்து எனக்கு ஓர் உறை வந்ததே. தபால்தலை ஒட்டி. மாலக்கி அதைக் கொடுத்துவிட்டு, "வேலி தாண்டறதுக்கு நான் ஒருத்தன் சம்பளத்துக்கு இருக்கேன்" என்றான். ஏச்சுக் கடிதமாகத்தான் இருக்கும் என்று டீ டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். பிரிக்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.)

5

இனி அந்த இரண்டாம் தொடக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அழைப்பில்லாமல் போகும் வழக்கம் இல்லை, ஆகவே அப்பாவிப் பெண். நீங்கள் நம்பியிருப்பீர்கள். நானே நம்பினேன். வேற்று நாட்டில் வாழ்வதன் பெரிய வசதி இது: எந்தக் கோழைத்தனத்தையும் கலாச்சாரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஒன்பது சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பெயர்கூடத் தெரியாதவர்களின் கையைக் குலுக்கியிருக்கிறேன். மூன்று வீட்டில் முட்டை சாண்ட்விச் நன்றாக இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும்.

அன்று மாலை நான் அந்த வீடு வரை போனேன். ஒரு கார் அவர்கள் சுவரை உரசப் பார்த்தது, அதைப் பின்னால் எடுக்கச் சொல்ல ஓடினேன். முன்னறை ஜன்னல் திரை ஒரு கையளவு விலகியிருந்தது. சவப்பெட்டியில் அவர் முகம் தெரியவில்லை, கைகள் தெரிந்தன. கோத்து வைத்து, விரல்களைச் சுற்றி செபமாலை கட்டியிருந்தார்கள். அந்த வலது ஆள்காட்டி விரலையும் சேர்த்து மடக்கி, இறுகச் சுற்றியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கார்கள் வந்துகொண்டே இருந்தன, அந்த விரல் ஒன்றுக்கும் எழும்பவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த விரலைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க முடியாது என்று பயம். பார்த்தால் எல்லார் முன்னாலும் ஊளையிட்டு அழுவேன் என்று பயம். மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சாண்ட்விச் நீட்டுகிற வீட்டில், செவ்வாய்க்கிழமைகளில் கார் ஓட்டியவள் விழுந்து புரள என்ன உரிமை? திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க" என்றேன்.

6

சற்றுமுன் எழுந்து போய் அந்த உறையைப் பிரித்தேன்.

கடிதம் இல்லை. நினைவு அட்டை. இறந்தவரின் படம் போட்டு, ஒரு செபம் அச்சிட்டு, துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் அனுப்புவார்கள். நானூறு வீட்டுக் கணப்பு மேடைகளில் இது நின்றுகொண்டிருக்கும். அதிலிருந்த படம் நான் எடுத்தது. போன வருடக் கோடையில் வறுவல் கடை வாசலில், காருக்கு வெளியே நின்று எடுத்து, சும்மா அட்ராக்டாவுக்கு அனுப்பியிருந்தேன். என் காரின் பக்கத்து இருக்கையில் பேக்கி, வாய் நிறைய வறுவல், கண் பாதி மூடியிருக்கிறது. விரல் மட்டும் தூக்கியிருக்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு 'எல்' பலகை. அதை வெட்டி எடுத்திருக்கலாம். கல்யாணப் படம் இருந்தது, கோட்டுப் போட்ட படம் இருந்தது. அவள் இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள், பலகையோடு.

பின்பக்கம் பேனாவால் ஒரு வரி: 'செவ்வாய்க்கிழமை எனக்கும் வேலை எதுவும் இல்லை.'

பிப்ரவரியில் எழுதியது. இது அக்டோபர் கடைசி. முப்பத்துச் சொச்சம் செவ்வாய்க்கிழமை அவள் காத்திருந்திருக்கிறாள். ஹாரன்கூட அடிக்காமல்.

7

முடிவு அ: கதவு திறக்கிறது. அட்ராக்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மழை நிற்கிறது. வானவில்

(மன்னிக்கவும்.)

முடிவு ஆ: சேற்றில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அவளிடமிருந்து தபாலில் ஓர் அட்டை வருகிறது. (மாலக்கிக்கு இது ரொம்பப் பிடிக்கும்.)

முடிவு இ: நான் வாசலில் நின்று, முழுக் கதையையும் இருந்த இடத்திலிருந்தே

(இல்லை. ஒரு வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.)

பூட்ஸ் மாட்டிவிட்டேன். ஞாயிறு வரை காத்திருக்கப் போவதில்லை. இன்று செவ்வாய், மணி பத்தாக ஐந்து நிமிடம். எழுதிக்கொண்டே நடக்க முடியாது, ஆகவே மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களை ஒன்றும் அதிகமாகக் கேட்கவில்லை. மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம். அவள் கதவைத் திறப்பாள். எதிரி வந்தாலும் திறப்பாள். அந்த அடுப்படியில் உட்காரச் சொல்வாள். கெட்டில் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பாள். என் பங்கை நான் சரியாகச் சொல்லிவிடுவேன். கடைசி வரி உங்களுடையது.

"டீ குடிக்கிறியா?"

"வேணாம், அட்ராக்டா."

"ஒரு வாய்?"

"பரவால்ல, வேணாம்."

"................................"