ஒரு மழை பார்த்துவிட்டு

புத்தூரில் தோட்டம் செய்கிற குணலட்சுமி அக்காவின் வெங்காயக் கொட்டிலுக்குப் பகலில் விளக்குத் தேவையில்லை. கூரைத் தகரத்தில் அத்தனை ஓட்டை. ஐப்பசியின் முதல் மழைக்கே ஒழுகி, கூரை தாங்கும் சிலாகைகளில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தில் ஒரு பக்கம் நனைந்து போனது. மிச்சத்தை இறக்கி நடுவே பலகைகளின் மேல் குவித்து, நீலத் தறப்பாளால் மூடி, சுற்றிவரக் கல் வைத்திருந்தார்கள். மார்கழியில் நடுவதற்கு அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். அது போனால் தோட்டம் சும்மா கிடக்கும்.

அக்காவின் புருசன் ஏரம்பு அண்ணைக்கு ஒரு கால் ஏலாது. ஏணியில் ஏற மாட்டார். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் முழங்கால் சரியில்லை. கூலிக்காரனின் முழங்காலை யார் விசாரிக்கிறார்கள்?

“அண்ணை, உது தகரமில்லை, அரிதட்டு,” என்றேன்.

“சும்மா கதையாதை நடராசா. எங்கையெல்லாம் போய் வந்த தகரம் தெரியுமே? வசாவிளானிலை வீட்டுக்கு அடிச்சது. இடம்பெயரேக்கை கழட்டிக்கொண்டு போய் உடுவில். பிறகு மிருசுவில். பிறகுதான் இஞ்சை.”

“ஒவ்வொரு இடத்திலையும் புது ஆணி,” என்றார் அக்கா. “பழைய ஓட்டையிலை அடிச்சால் இவருக்கு மரியாதைக் குறைச்சல்.”

“பழைய ஓட்டை சிலாகைக்கு நேரை வரவேணுமெல்லே, விசரி!”

ஆணி ஓட்டை மேலே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்பவனுக்குத்தான் வெளிச்சமாகத் தெரியும். ஆகவே அண்ணை கொட்டிலுக்குள் நின்று ஓட்டைகளுக்குள் ஈர்க்குக் குத்தினார். எட்டாத இடத்தில் அக்கா கவிழ்த்த உரலில் ஏறிக் குத்தினார். தகரம் நெளியாமல் இருக்க நான் பலகை போட்டு அதில் குப்புறக் கிடந்து, ஈர்க்கு முளைத்த இடமெல்லாம் சூட்டுத் தாரைத் தடவிச் சாக்குத் துண்டை ஒட்டினேன்.

“பிடிச்சியே?”

“ஓம், விடுங்கோ. ஐயோ அண்ணை, அது ஓட்டையில்லை, என்ரை வயிறு!”

“அதையும் தார் பூசி அடை. அக்காவுக்குச் சோறு மிஞ்சும்.”

பொழுதுபடும்போது கடைசி ஈர்க்கும் முடிந்தது. இறங்கி உள்ளே போனேன். கும்மிருட்டு. அக்கா நடுவில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இனி லைற் இழுக்கவேணும் போல,” என்று சிரித்தார்.

“தறப்பாளை எடுத்துப்போட்டு வெங்காயத்தைத் திரும்பக் கட்டித் தூக்குங்கோ, அண்ணை. காத்துப் படவேணும்.”

“எடுப்பம். ஒரு மழை பாத்திட்டு எடுப்பம்.”

“என்ரை வேலையிலை நம்பிக்கையில்லையோ?”

“உன்னிலை குறையில்லை. இந்தத் தகரத்தை எனக்குத் தெரியும். மிருசுவிலிலை இது ஒழுகி, மாரி முழுக்க ஒரு தறப்பாளுக்குக் கீழைதான் கிடந்தம். எங்கடை கைக்குழந்தையும் கிடந்தது. ஒரு துளி விழேல்லை. கூரை ஏமாத்தும். தறப்பாள் ஏமாத்தாது.”

அக்கா என்னைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். பிறகு வெளியே போய் இன்னொரு கல்லைத் தூக்கிவந்து தறப்பாளின் ஓரத்தில் வைத்தார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கையில் தார் வேறு. மண்ணெண்ணெய் கேட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பிடித்த மழை விடவில்லை. கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். ஒரு கிழமைக்கு மேல் வீட்டோடு கிடந்தேன். ஒவ்வொரு இடிக்கும் அந்தச் சாக்குத் துண்டுகள்தான் நினைவில் வந்தன.

தண்ணீர் வடிந்ததும் போனேன். அண்ணை வாசல் படலையிலேயே நின்றார்.

“ஒரு துளி இல்லை, நடராசா! வந்து நிலத்தைப் பார். புழுதி பறக்குது!”

உண்மைதான். கொட்டிலுக்குள் நிலம் காய்ந்து கிடந்தது. என் வேலையை நினைத்து எனக்கே சந்தோசம் வந்தது. அடுத்த மூச்சில் அழுகல் மணம் அடித்தது.

“மழையும் பாத்தாச்சு. இப்ப எடுப்பம்,” என்றார் அண்ணை. மூன்று பேருமாகக் கல்லை உருட்டித் தறப்பாளைத் தூக்கினோம். அதன் உட்பக்கம் முழுவதும் வியர்த்து நீர் கோர்த்திருந்தது. தூக்கிய வேகத்தில் அவ்வளவும் வெங்காயத்தின் மேல் கொட்டியது. மேலே இருந்தவை வெள்ளை முளை விட்டிருந்தன. அதற்குக் கீழே கறுப்புப் பூசணம். அண்ணை குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். எடுத்தபோது கை கூழாக இருந்தது.

“உள்ளை சுடுது,” என்றார்.

பிறகு கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“ஒழுகியிருந்தால் பயத்திலையெண்டாலும் திறந்து பாத்திருப்பம்,” என்றார் அக்கா. யாரையும் நோக்கி அவர் சொல்லவில்லை.

அக்கா ஓர் ஓலைக் கடகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குந்தினார். நானும் குந்தினேன். இருட்டில் நல்லது கெட்டது தெரியவில்லை. ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தோம். அமுங்காதது கடகத்துக்கு. கடகத்தின் அடி மறையவில்லை.

“விடுங்கோ அக்கா. நாளைக்குப் பாப்பம்,” என்றேன்.

“நாளைக்கு உதுவும் அமுங்கும்.”

வெளியே மழை மறுபடி தொடங்கியது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் அண்ணை என்னவோ சொன்னது கேட்கவில்லை. அவர் தறப்பாளை உதறி, மூலைக்கு மூலை பிடித்து, மடித்துக்கொண்டிருந்தார்.