டிப்போ சோதனைக்கு ஒரு பாட்டில்

நாளைக் காலை டிப்போவில் சிறுநீர்ச் சோதனை என்று மத்தியானமே சேதி கசிந்துவிட்டது. டிராமடால் என்கிற போதை வலிமாத்திரை தெரிந்தால் வேலை போச்சு, புதுச் சட்டம் அப்படி. என் கணவர் அப்துல் தவ்வாப் அரசு பஸ் ஓட்டுகிறவர். சின்னப் பாட்டில் ஒன்றை என் கையில் திணித்தார்.

"உன்னோடத இதுல பிடிச்சுக் குடு, இன்ஷிராஹ். சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயிடறேன். இந்த வீட்டுல சுத்தமா இருக்கறது நீ ஒருத்திதான்."

மூன்று வருடமாக அவர் அட்டையிலிருந்து தினம் ஒன்றை உருவிக்கொண்டிருப்பவள் நான். நாலு கட்டிடத்துப் படிகளைக் குனிந்து துடைக்கிற முதுகுக்கு வேறு வழி என்ன? சொல்லத் துணிவில்லாமல், "இருங்க, வர்றேன்" என்று, வேறு யாரிடமாவது வாங்கிவிடலாமென பாட்டிலோடு மாடியேறினேன்.

எங்கள் மஹல்லாவில் இந்த மாத்திரை திருட்டுத்தனமாகவா வந்தது? முதல் ராத்திரித் தெம்புக்கென்று மாப்பிள்ளையின் பையில் சிநேகிதர்களே ஓர் அட்டையைச் செருகுவார்கள். எங்கள் கல்யாணத்திலும் செருகினார்கள். இரட்டை ஷிப்ட் ஓட்டச் சொன்ன மேலாளர் டீயோடு இவருக்கு ஒன்றை நீட்டினார். கடல் தாண்டி வந்த அட்டையில் இந்தியா என்று அச்சிட்டிருக்கும், விலையும் கொள்ளை மலிவு. பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டு கெடுபிடி செய்தது. விலைதான் ஏறியது, விழுங்குகிறவன் ஒருத்தனும் குறையவில்லை. அன்றைக்கு ஊட்டிவிட்டவர்களே இன்றைக்குச் சோதிக்க வருகிறார்கள். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் மாடித் தையல்காரி உம் ஷௌக்கி விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்கிட்டயா வந்தே? ரெண்டு போட்டாத்தான்டி நான் மெஷின்லயே உக்கார முடியும். என்னோடத குடுத்தா உன் புருஷனை வேலையை விட்டு மட்டுமா தூக்குவாங்க, ஜெயில்லயே போட்டுருவாங்க!"

மூன்றாம் மாடி வாத்தியார் வக்தி, பள்ளியில் போதை ஒழிப்புப் பேச்சுக்குப் பரிசு வாங்கியவர். கதவைப் பாதி திறந்து பாட்டிலைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் எங்களுக்கும் சோதனைம்மா. யாராவது கெடைச்சா எனக்கும் சொல்லு" என்று கிசுகிசுத்துச் சாத்திக்கொண்டார்.

அதற்கு மேல் தட்டக் கதவில்லை. இறங்கி வந்தேன். ஏழு வயது மகள் ராவியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவளை எப்படி மறந்தேன்! பாட்டிலைக் கொடுத்து, "கண்ணு, இதுல ஒண்ணுக்குப் போயிட்டு வா" என்றேன். ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே போனாள், நிறைத்துக் கொண்டுவந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பியது.

பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, பல்லு மறுபடி வலிக்குது. நேத்து தேன்ல குழைச்சுக் குடுத்தியே ஸ்ட்ராபெரி, அது குடும்மா."

ஸ்ட்ராபெரி என்பது அந்தச் சிவப்பு டிராமடால் மாத்திரைக்கு எங்கள் தெரு வைத்த பெயர். கால் துண்டுதான் கொடுத்திருந்தேன். வலியில் துடித்த பிள்ளை உடனே தூங்கினாள், நானும் நிம்மதியாகப் படுத்தேன். அவ்வளவு சாதாரணமாகக் கொடுத்ததால் நினைவில்கூட நிற்கவில்லை. என் பெண்ணுக்கு நானே கொடுத்திருக்கிறேன்!

பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு அப்துல் தவ்வாப் ஓடிவந்தார்.

"பைத்தியமா உனக்கு? ஏன்டி கொட்டினே?"

"இந்த வீட்ல யாரும் சுத்தமில்லைங்க. நானும் இல்ல."

அவர் ராவியாவைப் பார்த்தார். "பாப்பாவோடது?"

"அவளுக்கும் நான்தான் குடுத்தேன்" என்றேன்.