வீரம்மா நிறுத்திய வேலை

கழிவுநீர் ஒழுங்குமுறை அலுவலகத்தில் மாதுமைக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். அதில் ஒன்பது வருடங்களாகத் தாமான் செரி மெலூர் என்ற குடியிருப்பின் கோப்பு அவள் மேசையில் கிடந்தது.

ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது, தோட்டத்து ஆட்களுக்கென்று நாற்பத்தெட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் அந்தத் தாமான். அந்த வீடுகளின் கழிவுநீர் கடைசி வரிசைக்குப் பின்னால் வெட்டிய இரண்டு குளங்களுக்குப் போய்ச் சேரும். கட்டிய நிறுவனம் குளங்களை யாரிடமும் முறைப்படி ஒப்படைக்காமலே கலைந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் மாதுமை அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்புவாள். பிரிக்கப்படாமல் திரும்பி வரும் உறையைக் கோப்பில் சேர்ப்பாள். கோப்பு தடித்துக்கொண்டே போனது.

இந்த முறை புகார் வேறு மாதிரி வந்திருந்தது. உரிமம் இல்லாத யாரோ ஒருவர் அந்தக் குளத்தில் தினமும் வேலை செய்கிறாராம். “ஆளைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு வா. ஒரு பெயராவது வேண்டும்” என்று மேலதிகாரி மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலை ஏழரைக்கு மாதுமை அங்கே போனாள். குளத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதற்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், நீளக் கம்பு கட்டிய வாரியால் கம்பிகளில் சிக்கியிருந்ததை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாம்பர்ஸ், துணி, பிளாஸ்டிக், முடிக்கற்றை. அறுபதை நெருங்கும் வயது. ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து வாங்க மேடம், அங்க வழுக்கும்” என்றாள், திரும்பாமலே.

“நீங்க யாருக்கா?”

“வீரம்மா. அந்தா, கடேசி வீடு.”

“யார் உங்கள இதச் செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லல மேடம். வாரி விடலன்னா ரெண்டு நாள்ல அடைச்சிக்கும். அப்புறம் எங்கூட்டு ஜம்பான்லதான் பொங்கும், கக்கூஸ் வழியாவே வூட்டுக்குள்ள வரும். எங்கூடுதான் பள்ளத்துல இருக்கு.” வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினாள். “எட்டு வருசமா செய்றேன். வூட்டுக்காரரு படுத்த படுக்கை. கால் கை வரல அவருக்கு. வீடு நாறுனா அவர எங்க தூக்கிட்டு ஓடறது?”

மாதுமை படிவத்தை எடுத்தாள். உரிமமில்லாமல் இயக்குபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.

“எழுதுனா என்னா ஆவும் மேடம்?”

“நோட்டீஸ் வரும்க்கா. கோர்ட்டுக்கும் போகலாம்.”

வீரம்மா கோபப்படவில்லை. “எழுதிக்குங்க. நாளைக்கு யாரு வாருவாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

மாதுமைக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். பேனாவை மூடினாள்.

“அக்கா, ஒன்னு சொல்றேன். நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. நெலம ரொம்ப மோசமானா, அவசரம்னு அரசாங்கமே இத எடுத்து நடத்தலாம். சட்டத்துல எடம் இருக்கு. ஒன்பது வருசமா நானும் மேலிடத்துக்கு எழுதிப் பாத்துட்டேன். மோசமா இல்லையே, போட்டோவுல நல்லாத்தானே இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க.”

வீரம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். “அப்ப நான் வாரி விடறதாலதான் யாரும் வரலங்கிறீங்க.”

“ஆமாக்கா.”

“நிறுத்துனா மொதல்ல எங்கூடு.”

“தெரியும்.”

“என் முட்டி போயிருச்சு மேடம். ஒரு நாள் நான் இங்கயே வுழுந்தா அன்னிக்கே எல்லாம் நின்னுரும். அப்ப அவரப் பாக்கவும் ஆளிருக்காது. இப்ப நின்னா, நான் பக்கத்துல இருந்தாவது பாத்துக்குவேன்.” வாரியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டாள். “சரி. நாளையிலிருந்து வரல.”

படிவத்தில் மாதுமை, ‘யாரும் காணப்படவில்லை’ என்று எழுதினாள்.

ஆறாம் நாள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. மேலதிகாரியோடு அவள் போனபோது கடைசி வரிசையில் ஐந்து வீடுகளில் கழிவுநீர் ஏறியிருந்தது. முந்தின நாள் மழை வேறு. வீரம்மா வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து, அவள் கணவர் பத்துமலையைக் கிடத்தியிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீரம்மா ஒரு வாளியால் அள்ளி அள்ளி வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி வாசலில் நின்று, “தெனம் வாரிக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஏங்க்கா நிறுத்துனீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களாச்சும் பாத்திருப்போம்ல” என்றாள். எட்டு வருடத்தில் அவள் ஒருநாளும் குளத்துப் பக்கம் வந்ததில்லை. ஆனாலும் அவள் வீட்டுக் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மேலதிகாரி வீரம்மாவிடம் மலாயில் கேட்டார். “முன்பு யார் சுத்தம் செய்தது?”

வீரம்மா மாதுமையை ஒரு கணம் பார்த்தாள். “யாருமில்ல துவான். தானாத்தான் ஓடிச்சு.”

கூட்டத்தில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். மாதுமை வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்ற ஒரு வரி போதும், தினேஸ்வரியின் பார்வை அந்த அம்மாளை விட்டு நகர்ந்திருக்கும். மாதுமை கேமராவை எடுத்து, சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் படம் பிடித்தாள். நல்ல படங்கள் வேண்டியிருந்தன.

அந்தப் படங்கள்தான் வேலை செய்தன. அன்று மாலையே கழிவுநீரை உறிஞ்சும் லோரி வந்தது. மூன்றாம் வாரத்தில் குளங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. புது வேலி, புதுக் கம்பிகள், ஒருநாள் விட்டு ஒருநாள் வாரி விட வரும் குத்தகை ஆட்கள். ஒன்பது வருடக் கோப்பை மாதுமை கயிறு போட்டுக் கட்டி, கிடங்குக்கு அனுப்பினாள். மேலதிகாரி கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனபோது குளத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வேலையை முடித்துக்கொண்டு அவள் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பத்துமலைக்கு முதுகுப் புண்ணில் சீழ் பிடித்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததாக வீரம்மா சொன்னாள். தினேஸ்வரி இன்னும் பேசுவதில்லையாம்.

“நான் போய் அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுறேன்க்கா” என்றாள் மாதுமை. இதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

“வேணாம் மேடம். சொன்னா உங்களுக்கு வேல போவும். அடுத்த தாமானுக்கு யாரு போவா?” சொன்ன குரலில் பெருந்தன்மை எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. “அவ கைப்புள்ளைக்கு நல்லாயிருச்சு. அது போதும்.”

“உங்க முட்டி?”

“இருக்கு. காலைல ஆறு மணிக்கு எழுப்பி வுட்டுருது. எழுந்து என்னா செய்றதுன்னுதான் தெரியல.”

உள்ளேயிருந்து பத்துமலை முனகினார். வீரம்மா எழுந்தாள். “திருப்பிப் படுக்க வைக்கணும். அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க மேடம்.”

மாதுமை கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நினைத்ததைவிட அவர் கனமாக இருந்தார். இருவருமாகச் சேர்ந்து, புண் படாமல், மெதுவாக இடது பக்கம் திருப்பினார்கள்.