நடுவீதியில் நின்ற ராஜா

“அதுக்கில்லீங்க சாமி, உங்க ராஜா இன்னும் நடுவீதியிலயே நிக்கறாருங்களே, வெயில் அடிக்காதுங்களா?”

“அவன் கல்பாத்தி ராஜா. தேர் பாக்க நிக்கறான். நீ உன் ஆட்டத்தைப் பாரு.”

சின்னையன் பார்த்தான். அதற்காகத்தானே சித்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பாலக்காட்டு வாசகசாலைக்கு வந்திருக்கிறான். எழுபத்தாறாம் வருஷத்து மாவட்டச் சதுரங்கப் போட்டி, கடைசி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குக் கோழிக்கோடு. கோழிக்கோட்டில் கடல் இருக்கிறது. வாய்க்காலையும் ஆற்றையும் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத சின்னையனுக்கு, சதுரங்கம் என்பதே கடலுக்குப் போகிற சுற்றுவழிதான். இதை அவன் கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்திருந்தான்.

எதிரே இருந்த, கல்பாத்தித் தேர்வீதி அக்கிரகாரத்துப் பஞ்சாபகேசனுக்கு ஆட்டம் சமன் ஆனாலே போதும், கோழிக்கோடு அவருக்குத்தான். அந்தத் தெம்பில் ராணியை வெளியே அனுப்பி, பூப்பறிக்கிற மாதிரி ஓரத்துச் சிப்பாய்களைப் பறித்துக்கொண்டிருந்தார்.

சின்னையன் நடுச் சிப்பாயைத் தள்ளினான். அதையும் பறித்தார். நடுவரிசை பப்பரவென்று திறந்தது. யானையைக் கொண்டுவந்து ராஜாவுக்கு நேரே நிறுத்தினான். இடையில் ஒரே ஒரு மந்திரி. அவருக்கும் இனி ஆயுசு கெட்டியில்லை.

“இவ்வளவுதானே?” பஞ்சாபகேசன் ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரி எகிறவைத்து, பத்திரமான ஒரு கட்டத்தில் இறக்கினார்.

“அய்யோ, என்னங்க சாமி இது!”

“செக் வாங்காத ராஜா ஒரு தடவை தாண்டலாம். எங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான் ஆடறோம்.”

மூணாற்றிலிருந்து நடுவராக வந்திருந்த மிக்கேல்ராஜ் எழுந்து வந்தார். “அது ஒங்க தெரு ஆட்டம் சார். இங்க ராஜாவுக்கு ஒரு கட்டந்தான். தொட்டுட்டீய, இனி ராஜாவத்தான் நகத்தணும்.”

இதுவரை எந்தப் போட்டியிலும் பஞ்சாபகேசனுக்குத் தாண்டவேண்டிய நெருக்கடியே வந்ததில்லை. ராஜா மறுபடி நடுவீதிக்கு வந்தார். போக இருந்தது ஒரே கட்டம், ராணி காலி செய்துவிட்டுப் போன வீடு. அங்கே போய் ஒண்டினார். சின்னையனின் ராணி இன்னும் ஒரு எட்டு வைத்தால் கதை முடிந்தது.

சின்னையன் கையை நீட்டினான். விரல்கள் ராணியின் தலைக்கு மேல் நின்றன. காதுக்குள் ஏதோ இரைந்தது. அலை இப்படித்தான் இருக்கும் போல.

பஞ்சாபகேசன் பலகைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“சின்னையா, ஆத்துல என் ஆம்படையா வாலாம்பாள் கோழிக்கோட்டு ரயிலுக்கு முறுக்கே சுத்திட்டா, கேட்டியோ. உனக்குக் கடல்தானே வேணும்? ஒரு சோடா பாட்டில் நிறைய, அலை சிந்தாம கொண்டுவந்து தரேன். சமன்னு சொல்லிடேண்டா?”